எந்த டேங்க்?

லேக் கார்டன்ஸுக்குள் லேக் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் பஜ்பஜ் ரயில் பாதையைத் தாண்டி வடக்கே போக வேண்டும். அங்கே இருப்பதும் இயற்கை தந்த ஏரி அல்ல. 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் சுமார் 192 ஏக்கர் சதுப்புக் காட்டைக் கையகப்படுத்தி, நீர்நிலை வெட்டி, பக்கத்துத் தாழ்நிலங்களை மேடாக்கி, சாலை போட்டுக் குடியிருப்புக்கு வழி செய்தது. வெட்டிய இடத்தில் நின்ற தண்ணீருக்கு டாகுரியா லேக் என்று பெயர். 1958-ல் தாகூரின் பெயரால் அது ரபீந்திர சரோபர் ஆனது. அரசுப் பலகைகளும் மெட்ரோ ரயிலும் அப்படித்தான் சொல்கின்றன. பேச்சில் மட்டும் அது இன்னும் 'லேக்'தான். லேக் ரோடு, லேக் வியூ ரோடு, லேக் கார்டன்ஸ். வாழையிலைக்கும் காப்பித் தூளுக்கும் தமிழர்கள் தேடிப் போகிற லேக் மார்க்கெட்.

இதே ஊரின் நடுமையத்தில், ரைட்டர்ஸ் கட்டடத்துக்கு எதிரே, மனிதன் வெட்டிய இன்னொரு நீர்நிலை உண்டு. வங்காளிகளுக்கு அது லால் திகி. கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரர்கள் அதன் தண்ணீரைக் குடித்தார்கள். அதைச் சுற்றியிருந்த சதுக்கத்துக்கு டேங்க் ஸ்கொயர் என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு அது டல்ஹௌசி ஸ்கொயர் ஆயிற்று. 1930 டிசம்பர் 8 அன்று ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் துப்பாக்கியுடன் புகுந்த பினய், பாதல், தினேஷ் ஆகிய மூன்று இளைஞர்களின் நினைவாக இப்போது பி.பி.டி. பாக்.

இரண்டும் வெட்டியவைதான். ஆனால் ஒன்று டேங்க், மற்றது லேக். காரணம் தண்ணீரில் இல்லை. குடிக்கவும் குளிக்கவும் என்று வெட்டினால் டேங்க்; காற்று வாங்கவும் படகு விடவும் என்று வெட்டினால் லேக். எதற்காக வேண்டும் என்பதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் அந்த டேங்க்கைப் பற்றித்தான்.

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கிப் பிழைப்பவர்களின் மேஜைக்கு ஒரே நாளில் வரக்கூடிய சில வாக்கியங்களைப் பாருங்கள். எல்லையில் டேங்குகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. டேங்குகளைத் தூர் வார நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பங்கு விலை 'டேங்க்' ஆகிவிட்டது. டெல்லியில் உள்ள 'திங்க் டேங்க்' ஒன்று பட்ஜெட்டைக் குறை சொல்லியிருக்கிறது. டேங்க்கைச் சுத்தம் செய்த இருவர் இறந்துவிட்டார்கள்.

முதல் வாக்கியத்தில் சிக்கல் இல்லை. தமிழ்ப் பத்திரிகைகள் ரொம்ப நாளைக்கு முன்பே ஓர் 'இ' சேர்த்து அதை 'டாங்கி' ஆக்கிவிட்டன. யுத்தத்துக்கு டாங்கி, மொட்டை மாடிக்கு டேங்க் என்று தமிழ் தானாகவே பாகம் பிரித்துக்கொண்டது. பங்கு விலை 'சரிந்தது' என்று எழுதினால் போதும். திங்க் டேங்க்கை 'சிந்தனைக் குழு' என்றோ 'ஆய்வு மையம்' என்றோ எழுதிச் சமாளிக்கலாம். தகராறு பிடித்தவை மற்ற இரண்டும்.

'டேங்க்கைச் சுத்தம் செய்த இருவர்' எந்த டேங்க்கில் இறங்கினார்கள்? ஏரிச் சேற்றில் சிக்கினார்களா, அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தார்களா, செப்டிக் டேங்க்கில் விஷவாயு தாக்கிச் செத்தார்களா? முதல் இரண்டும் பெரும்பாலும் விபத்து. மூன்றாவது அநேகமாகக் குற்றம். உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளைச் செப்டிக் டேங்க்கில் இறக்குவதை 2013-ம் வருடச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறப்பவரின் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. 'தொட்டியைச் சுத்தம் செய்தபோது' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால், அந்த 30 லட்சத்துக்கான உரிமையும் குற்றம் செய்தவர் யார் என்ற கேள்வியும் வாசகர் கண்ணில் படாமலே போய்விடும். 'மலக்குழி' என்று எழுதினால் அன்றைய செய்தியே வேறு. ஒரு சொல் எத்தனை பேர் தலைவிதியைச் சுமக்கிறது பாருங்கள்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது தூர் வாருகிற டேங்க். அது எப்படி ஆங்கிலத்துக்குள் வந்தது என்பதே ஒரு வழக்கு. போர்ச்சுகீசிய மொழியில் 'தாங்க்கெ' என்றால் நீர் தேங்கும் இடம். குஜராத்தியில் 'டாங்க்கு' என்றால் நிலத்தடி நீர்த்தொட்டி. ராஜஸ்தான் பாலைவனத்தில் மழைநீரைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டியை இன்றும் 'டாங்க்கா' என்கிறார்கள். எதிலிருந்து எது என்று பண்டிதர்கள் வாதாடியிருக்கிறார்கள். இந்திய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டு கட்சியையும் எடுத்துப் பேசுகிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தஞ்சை அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். காவிரிக் கரையில் வாழ்ந்த அவருக்கு, இந்தியாவில் டேங்க் என்றால் தகரத் தொட்டி அல்ல என்பது நன்றாகவே தெரிந்திருக்கும்.

இங்கிலாந்தில் அந்தச் சொல் வேறு பாதையில் போய்ச் சிறுத்தது. தண்ணீரோ எண்ணெயோ நிரப்பி வைக்கும் மூடிய பாத்திரம் என்பதே அங்கே முதல் பொருள். முதல் உலகப் போரில் உருக்குக் கவசம் போட்ட ஒரு வண்டியை ரகசியமாகச் செய்தபோது, விஷயம் வெளியே தெரியாமல் இருக்கத் தண்ணீர்த் தொட்டி செய்வதாகச் சொல்லி வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் சோம் போர்க்களத்தில் அந்தத் தொட்டி முதல் முறையாக உருண்டு வந்தது. மறைப்பதற்காக வைத்த பெயரே நிலைத்துவிட்டது. சென்னைக்குப் பக்கத்து ஆவடியில் இந்த இரண்டு பொருளும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1965-ல் முதல் 'விஜயந்தா' டாங்கியைத் தயாரித்து வெளியே அனுப்பிய தொழிற்சாலையும் உண்டு, பருத்திப்பட்டு ஏரியும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டும் டேங்க்.

சரி, தமிழுக்கு வருவோம். டேங்க் என்ற ஒரே மூட்டைக்குள் ஆங்கிலம் கட்டிப் போட்டவை எவை? வடமாவட்டங்களில் பாசனத்துக்குக் கரை கட்டித் தேக்கியது ஏரி. அதே வேலையை மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் செய்வது கண்மாய். சிறியதாக இருந்தால் செங்கல்பட்டுப் பக்கம் தாங்கல், தெற்கே ஏந்தல். வேடந்தாங்கலும் பழவந்தாங்கலும் அப்படி வந்த பெயர்கள். தாங்குவது, ஏந்துவது என்று தண்ணீரைக் கையில் பிடிக்கிற வினைச்சொல்லிலிருந்தே பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரே உண்ணும் நீர் என்பதால் ஊருணி. அதில் மாட்டை இறக்கினால் சண்டை வரும். மாட்டுக்குக் குட்டை இருக்கிறது. சுவாமி தெப்பத்தில் வலம் வரத் தெப்பக்குளம். மதுரை வண்டியூரைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோயில் வாசலில் கை கால் கழுவத் திருக்குளம்.

இதில் 'குளம்' என்ற சொல்லே இடத்துக்கு இடம் வேலையை மாற்றிக்கொள்ளும். சென்னைக்காரருக்குக் குளம் என்றால் கோயில் குளம். திருநெல்வேலிக்காரருக்குக் குளம் என்றால் வயலுக்குப் பாயும் தண்ணீர். சென்னை ஏரி என்பதைத்தான் அவர் குளம் என்கிறார். கடல் தாண்டி இலங்கை வன்னியிலும் அப்படியே. கிளிநொச்சி வயல்களுக்குத் தண்ணீர் தரும் இரணைமடுக் குளம் ஆங்கிலத்தில் இரணைமடு டேங்க். மட்டக்களப்பில் 'வாவி' என்றால் கடலோரக் காயல். கவிதையில் வாவி என்றதும் தாமரையைத் தேடுகிற தமிழ் எம்.ஏ.க்காரர்கள் அங்கே இறால் வலையைப் பார்க்கலாம். வன்னியில் யுத்தம் நடந்த வருடங்களில் 'டேங்க் அருகே சண்டை' என்ற ஆங்கில வரியைத் தமிழாக்குவது எத்தனை சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். அது குளக்கரையாகவும் இருக்கலாம், டாங்கியாகவும் இருக்கலாம்.

வங்காளமும் இதில் நமக்குச் சளைத்ததல்ல. வீட்டை ஒட்டிய குளம் புகுர். நீளவாக்கில் பெரிதாக வெட்டியது திகி. மழைக்கு நிரம்பும் சின்னப் பள்ளம் டோபா. விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு ஜீல், பில். எங்கள் தெருவில் யாரிடமாவது டேங்க் எங்கே என்று கேட்டால் மாடியைக் காட்டுவார்கள். இல்லாவிட்டால் வடக்கே டாலா டேங்க்கைச் சொல்வார்கள். 1911 முதல் ஊருக்குத் தண்ணீர் தரும், 90 லட்சம் காலன் கொள்ளும் உருக்குத் தொட்டி அது. தரையில் கிடக்கும் தண்ணீரை டேங்க் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. அந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆவணங்களுக்கு மட்டும்தான்.

பெயர் எப்படியிருந்தால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே என்று கேட்கலாம். ஏரி என்றால் வெறும் தண்ணீர் இல்லை. மழை ஓடிவரும் வரத்துக் கால், தாங்கும் கரை, திறந்து மூடும் மதகு, மிஞ்சியது வழியும் கலங்கல், கீழே பாயும் வயல்களான ஆயக்கட்டு. எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. இதை நிர்வகிப்பது ஒரு ஆட்சிப் பொறுப்பு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919 மற்றும் 921-ம் வருடத்தவை, குடவோலை முறையில் உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் வாரியங்களைப் பற்றிச் சொல்கின்றன. அதில் ஒன்று ஏரி வாரியம். ஆங்கிலச் சரித்திரப் புத்தகங்களில் அது 'டேங்க் கமிட்டி'. தெரியாத ஒரு மாணவர் அதைத் திரும்பத் தமிழாக்கினால், சோழர்களிடம் டாங்கிப் படை இருந்தது என்று எழுதிவிடக்கூடும்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த ஊர்களையும் கொஞ்சம் பாருங்கள். மும்பையில் 1942 ஆகஸ்டு 8 அன்று 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் பிறந்த இடம் கோவாலியா டேங்க் மைதானம். பெயரில் டேங்க் இருக்கிறது, தண்ணீர் இல்லை. பெங்களூரில் தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாகவும், சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டு அரங்கமாகவும் மாறிவிட்டன. சென்னையில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த நீர்ப்பரப்புக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'லாங் டேங்க்'. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இப்போது நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, பண்டும் இல்லை டேங்கும் இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்ப்பதற்கு வீடுகள்தான் உண்டு.

கல்கத்தாவில் லேக் வெட்டி மனை போட்ட அதே பத்தாண்டுகளில் சென்னையில் டேங்க்கைத் தூர்த்து மனை போட்டார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். நகர அபிவிருத்தி என்ற பெயரில்தான் இரண்டும் நடந்தன. ஓரிடத்தில் தண்ணீர் நகரத்துக்கு அழகு. இன்னோரிடத்தில் அதே தண்ணீர் நகரத்துக்கு இடைஞ்சல். சொல்தான் ஏரியைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். நிலத்தின் விலை கொன்றது. ஆனால் 'டேங்க்' என்ற சொல் அந்தக் கொலைக்குச் சாட்சி சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டது. தொட்டி என்றால் காலி செய்யலாம், இடம் மாற்றலாம், வேண்டாமென்றால் மூடலாம். வரத்துக் காலும் ஆயக்கட்டும் கொண்ட ஏரியை அப்படிச் செய்வதென்றால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள்.

இன்றைய மனை விளம்பரங்களில் காற்று திசை மாறியிருக்கிறது. அங்கே டேங்க் கிடையாது, எல்லாமே லேக். 'லேக் வியூ', 'லேக் ஃபேஸிங்'. வருவாய்த் துறைப் பதிவேட்டில் டேங்க், விற்பனைத் தாளில் லேக். லேக் ஆனதும் அதற்கு நடைபாதையும் படகும் வேலியும் வந்துவிடுகின்றன. வருடம் முழுவதும் தண்ணீர் ததும்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் வந்துவிடுகிறது. மதகைத் திறந்து வயலுக்கு விடுவது என்பதே மறந்துபோகிறது. ஆங்கிலப் பெயர், தண்ணீரை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்கிறது. தமிழ்ப் பெயர், தண்ணீர் நமக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் சின்ன வித்தியாசம் அல்ல.

ஏனென்றால் சட்டமும் சொல்லை வைத்துத்தான் பேசுகிறது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாக அரசுக் கணக்கு. ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ல் ஒரு தனிச் சட்டம் வந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பிலேயே டேங்க் இருக்கிறது. ஆனால் எந்த டேங்க்? பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ளவை மட்டும். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை அந்தத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருப்பது பழைய ஏற்பாடு. கோயில் குளமும் ஊருணியும் ஊராட்சிக் குட்டையும் ஆங்கிலப் பேச்சில் டேங்க்தான். ஆனால் இந்தச் சட்டத்தின் டேங்க் அல்ல. தலைப்பை மட்டும் படித்துவிட்டு 'எங்கள் ஊர் ஊருணிக்கும் பாதுகாப்பு வந்துவிட்டது' என்று நிம்மதி அடைபவர் ஏமாந்துபோவார்.

அடுத்தது மத்திய அரசின் 2017-ம் வருட ஈரநிலப் பாதுகாப்பு விதிகள். இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, நீர் நிற்கும் நிலமெல்லாம் ஈரநிலம் என்று தாராளமாக ஆரம்பிக்கிறது வரையறை. பிறகு விலக்குகள் வருகின்றன. ஆற்றுப்போக்கு சேராது. நெல்வயல் சேராது. குடிநீருக்கென்றே மனிதர் அமைத்த நீர்நிலைகளும் டேங்குகளும் சேரா. மீன் வளர்ப்பு, உப்பு உற்பத்தி, பொழுதுபோக்கு, பாசனம் இவற்றுக்கென்றே அமைத்தவையும் சேரா. இந்த விலக்கை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு வரைபடத்தைப் பாருங்கள். ஏரி பாசனத்துக்கு அமைத்தது. கண்மாயும் அப்படியே. ஊருணி குடிநீருக்கு. மிச்சம் என்ன? வேறு சட்டங்கள் காப்பாற்றலாம், நீதிமன்றம் காப்பாற்றலாம். ஆனால் ஈரநிலம் என்ற கௌரவம் வரையறைப்படி அவற்றுக்குக் கிடைப்பது கஷ்டம்.

வேடிக்கை என்னவென்றால், 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவற்றில் வேடந்தாங்கல், கூந்தன்குளம், வடுவூர் ஏரி, சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் உண்டு. எல்லாம் பாசன நீர்நிலைகள். வேடந்தாங்கல் விவசாயிகள் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்ததற்கு ஒரு காரணம், எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பாசனம் இருந்ததால்தான் பறவை பிழைத்தது. விதியின் கண்ணில் பாசனம் ஒரு தகுதிக் குறைவு. உலகப் பட்டியலிலோ அதே நீர்நிலைக்கு மரியாதை. 'மனிதர் கட்டியது' என்பதும் 'இயற்கையானது' என்பதும் எதிரெதிர் என்று நினைக்கிற மொழியில் எழுதப்பட்ட விதிக்கு, கட்டியதாகவும் உயிருள்ளதாகவும் ஒரே சமயத்தில் இருக்கிற ஏரி புரிபடுவதில்லை.

நான் குடியிருக்கும் மாநிலத்தில் வேறொரு வழியைப் பார்க்கிறேன். மேற்கு வங்காளத்தின் 1984-ம் வருட உள்நாட்டு மீன்வளச் சட்டம், பின்னால் வந்த திருத்தத்தோடு சேர்த்துப் படித்தால், பெயரையே கேட்பதில்லை. புகுரோ டோபாவோ, கரையையும் சேர்த்து ஐந்து கட்டா, அதாவது 0.035 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் இருந்து, வருடத்தில் ஆறு மாதமாவது தண்ணீர் நின்றால் அதைத் தூர்க்கக்கூடாது. ஐந்து கட்டா என்பது நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை கிரவுண்டு. சட்டம் இருந்தும் கொல்கத்தாவில் குளங்கள் காணாமல் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் புகார் கொடுக்கப் போகிறவர் 'இது எந்த வகை நீர்நிலை' என்று அகராதியைப் புரட்ட வேண்டாம், டேப்பை எடுத்து அளந்தால் போதும்.

அப்படியானால் பெயர்களை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? அதுவும் நமக்குப் பொருந்தாது. ராமநாதபுரத்துக் கண்மாய்க்கு ஆறு மாதத் தண்ணீர் என்பதே பேராசை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, ஒரு போகத்துக்குப் பாய்ந்து, தை மாசியில் வற்றி, கோடையில் ஆடு மேயும் தரையாகிவிடும். வெளியூரிலிருந்து சித்திரை மாதம் வந்து பார்க்கிற அதிகாரிக்கு அது காலி மனை. ஊர்க்காரருக்கு அது காய்ந்திருக்கும் கண்மாய். 'கண்மாய்' என்ற சொல்லுக்குள் வற்றுவதும் அடங்கியிருக்கிறது. 'லேக்' என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை. தண்ணீர் இல்லாத லேக் செத்துப்போன லேக்; தண்ணீர் இல்லாத கண்மாய் அடுத்த ஐப்பசிக்குக் காத்திருக்கும் கண்மாய். ஆகவே அளவும் வேண்டும், பெயரும் வேண்டும்.

இந்தச் சங்கதியை ஹிந்தியில் அழகாகச் சொன்னவர் அனுபம் மிஸ்ரா. 1993-ல் வந்த அவருடைய 'ஆஜ் பீ கரே ஹை தாலாப்' குளங்களைப் பற்றியும் அவற்றை வெட்டியவர்களைப் பற்றியும் பேசுகிற புத்தகம். காப்புரிமை கேட்காமல் வெளியிட்டதால் பல மொழிகளுக்குப் போனது. ஊருக்கு ஊர் குளத்துக்கு வழங்கும் பெயர்களை அவர் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது பண்டிதத்துக்காக அல்ல. பெயர் தெரிந்தவருக்கே அதன் வேலை தெரியும், வேலை தெரிந்தவரே அதைப் பழுது பார்ப்பார் என்பதற்காக.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது. ஆங்கிலம் 'கட்டமரம்', 'பந்த்', 'தர்ணா' எல்லாவற்றையும் ஜீரணித்த மொழி. 'புறம்போக்கு' சென்னை மாகாண ரெவின்யூ ஆபீஸ்களில் நுழைந்து ஆங்கிலச் சட்டச் சொல்லாகவே ஆகிவிட்டது. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை ஆக்கிரமித்த வழக்கில் 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு, கிராமப் பொது நிலங்களைச் சொல்லும்போது பஞ்சாபின் 'ஷாம்லாத் தேஹ்', தென்னிந்தியாவின் 'மந்தைவெளி', 'புறம்போக்கு' ஆகிய பெயர்களை அப்படியே ஆங்கில வாக்கியத்துக்குள் வைத்தது. பொதுவான ஒரு ஆங்கிலச் சொல்லைப் போட்டு நிரவிவிடவில்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் ஒரு மந்தைவெளிக்காக வழக்குப் போடுகிறவர் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடிகிறது. அரசாணைகளும் திட்ட அறிக்கைகளும் ஏரி, கண்மாய், ஊருணி, குட்டை என்றே ஆங்கிலத்திலும் எழுதினால் வானம் இடிந்து விழாது.

அதுவரை நம் கையில் இருப்பது நம் வீட்டுப் பத்திரம். தமிழ்நாட்டில் மனையோ வீடோ வைத்திருப்பவர்கள், டெல்லியில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், அலமாரியைத் திறந்து அந்தக் கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள். மூலப் பத்திரத்தில் 'ஏரிக்கரைக்குத் தெற்கு' என்றோ 'ஊருணிக்கு மேற்கு' என்றோ இருக்கலாம். பின்னால் வந்த ஆங்கில லேஅவுட் படத்தில் அதே இடத்தில் 'டேங்க்' என்று இருக்கும். அதற்கும் பின்னால் வந்த பத்திரத்தில் 'காலி இடம்' என்றோ அடுத்த மனையின் எண்ணோ இருக்கும். எந்த வருடப் பத்திரத்தில் பெயர் மாறியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கரை எந்த வருடம் காணாமல் போனது என்று தேடுகிறவருக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.